கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் புரூஸ்டர் முர்ரே ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 – ஜனவரி 1, 1992) அமெரிக்கக் கணிதவியலாளரும், கணினி அறிவியலாளரும், கடற்படை அதிகாரியும் ஆவார். மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குரிய கட்டளைகளாகக் கணினியே தொகுத்துத் தரவேண்டும் என்ற கருத்தைச் செயற்படுத்திக் காட்டிய முன்னோடிகளுள் இவர் ஒருவர். கம்பைலர் என்று பரவலாக அழைக்கப்படும் தொகுப்பிகளின் வரலாற்றில், 1952ஆம் ஆண்டில் இவர் உருவாக்கிய ஏ-0 முறைமை முதலாவதாகப் பலராலும் குறிப்பிடப்படுகின்றது. இவரது குழுவினர் வடிவமைத்த ஃபுளோ-மேட்டிக் மொழி, கோபோல் நிரல்மொழிக்கு முதன்மையான அடிப்படையாக அமைந்தது.

ஒரு செயற்கூறு தவறாக அறிவிக்கப்பட்டால் அதனைத் தொகுப்பி கண்டறிந்து எச்சரிக்கவேண்டும் என்பது இன்றைய நிரலாளர்களின் இயல்பான எதிர்பார்ப்பு. நிரலாளர் செய்யும் பிழைக்குப் பொறியே காவல் நிற்க இயலும் என்ற இந்த எண்ணம் வேரூன்றியதில் ஹாப்பரின் பணிக்கு முக்கிய இடம் உண்டு.

பிறப்பும் கல்வியும்

கிரேஸ் முர்ரே நியூயார்க் நகரில் வால்ட்டர் பிளெட்சர் முர்ரே, மேரி கேம்பல் வான் ஹார்ன் இணையருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். இவருக்கு ஒரு தங்கையும் ஒரு தம்பியும் இருந்தனர். தாய்வழி முன்னோரில் ஒருவர் அமெரிக்கக் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். பெண்மக்களும் ஆண்மக்களுக்கு நிகராகக் கல்வி பெறவேண்டும் என்பது தந்தையின் விருப்பமாக இருந்தது. ஏழு வயதில், கோடைக்கால வீட்டிலிருந்த எழுப்புமணிக் கடிகாரங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று அறிய, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு கடிகாரங்களை இவர் கழற்றிவிட்டார் என்பர். அதன்பின் ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றத் தாயார் அனுமதித்தார்.

வாஸர் கல்லூரிக்கு முதன்முறை விண்ணப்பித்தபோது இலத்தீன் மொழித் தேர்வில் போதிய மதிப்பெண் பெறாததால் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு சேர்ந்து, 1928ல் கணிதத்திலும் இயற்பியலிலும் இளநிலைப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930ல் முதுநிலைப் பட்டமும், 1934ல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். நார்வே நாட்டுக் கணிதவியலாளர் ஓய்ஸ்டீன் ஓர் இவரது ஆய்வு நெறியாளராக இருந்தார். 1930ல் வின்சென்ட் ஃபாஸ்டர் ஹாப்பரை மணந்தார். இவர்கள் 1945ல் மணமுறிவு பெற்றனர். அதன்பின் மறுமணம் செய்துகொள்ளாத கிரேஸ், ஹாப்பர் என்ற பெயரையே தொடர்ந்து பயன்படுத்தினார்.

1931 முதல் வாஸர் கல்லூரியில் கணிதம் கற்பித்த இவர், 1941ல் இணைப் பேராசிரியராகப் பதவி உயர்வு பெற்றார்.

கடற்படையும் மார்க் 1 கணினியும்

இரண்டாம் உலகப் போரின்போது, கடற்படையின் பெண்கள் துணைப் பிரிவான வேவ்ஸ் அமைப்பில் சேர ஹாப்பர் விரும்பினார். இவரது எடை கடற்படை வரையறுத்த குறைந்த அளவான 120 பவுண்டுக்கு 15 பவுண்டு குறைவாக இருந்தது. வயதும் தடையாக இருந்தது. சிறப்பு விலக்குப் பெற்று டிசம்பர் 1943ல் சேர்ந்தார். ஸ்மித் கல்லூரியில் இயங்கிய பயிற்சிப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறி, 1944ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் எய்க்கன் தலைமையில் நடைபெற்ற கடற்படைக் கணிப்புத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டார்.

அங்கு ஐபிஎம் நிறுவனம் கட்டிய மார்க் 1 இயங்கி வந்தது. 51 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட இப்பொறி, நொடிக்கு மூன்று கூட்டல்களைச் செய்தது. ஒரு பெருக்கலுக்கு ஏறத்தாழ ஆறு நொடிகள் ஆயின. கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் தரப்பட்டன. ரிச்சர்ட் பிளாக், ராபர்ட் கேம்பல் ஆகியோருக்கு அடுத்து, இப்பொறிக்கு நிரல் எழுதிய மூன்றாமவர் ஹாப்பர் ஆவார். பொறியை இயக்கும் முறையை விளக்கி 1946ல் வெளியான 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டின் பெரும்பகுதியை இவரே எழுதினார்.

ஒரு முறை எழுதிச் சரிபார்த்த நிரல்பகுதியை மறுபடியும் எழுதுவது வீண் என்பதைக் குழுவினர் விரைவில் உணர்ந்தனர். சைன் போன்ற சார்புகளைக் கணக்கிடும் கட்டளைகளைத் தத்தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்து, தேவைப்பட்டபோது ஒருவர் குறிப்பேட்டிலிருந்து மற்றவர் பார்த்து எழுதிக்கொண்டனர். பின்னாளில் துணைநிரல் நூலகம் என்று வளர்ந்த வழக்கத்தின் தொடக்க வடிவங்களுள் இதுவும் ஒன்று.

போர் முடிந்தபின் ஹாப்பர் வாஸர் கல்லூரியின் பேராசிரியர் பதவியை ஏற்காமல் ஹார்வர்டிலேயே ஆராய்ச்சிப் பணியைத் தொடர்ந்தார். அங்கு நிலையான பதவி கிடைக்காததால் 1949ல் விலகினார்.

வழுவும் விட்டிற்பூச்சியும்

கணினிப் பிழைக்கு வழு எனப் பொருள்படும் 'பக்' என்ற பெயரை இட்டவர் ஹாப்பர் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. பொறியியலாளர்கள் இச்சொல்லை 19ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தினர்; தாமஸ் எடிசனும் 1878ல் எழுதிய கடிதம் ஒன்றில் இதைக் கையாண்டுள்ளார். செப்டம்பர் 9, 1947 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் உணர்த்தி ஒன்றில் விட்டிற்பூச்சி சிக்கியிருந்ததைப் பணியாளர்கள் கண்டனர். உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்டது என்று வேடிக்கையாகக் குறித்து, அதனைப் பணிப் பதிவேட்டில் ஒட்டி வைத்தனர். ஹாப்பர் பூச்சியைக் கண்டெடுத்தவர் அல்லர்; இந்நிகழ்வைத் தம் உரைகளில் அடிக்கடி எடுத்துக்கூறிப் புகழ்பெறச் செய்தவர். அப்பதிவேடு ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றது.

ஏ-0 தொகுப்பி

1949ல் ஹாப்பர் பிலடெல்பியாவிலிருந்த எக்கர்ட்-மோக்லி கணினி நிறுவனத்தில் மூத்த கணிதவியலாளராகச் சேர்ந்தார். அந்நிறுவனம் அப்போது யூனிவாக் 1 கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தது. 1950ல் ரெமிங்டன் ராண்ட் அந்நிறுவனத்தை வாங்கியது.

துணைநிரல்களைப் பார்த்து எழுதும் வழக்கம் இங்கும் தொடர்ந்தது. இதில் இருவகைப் பிழைகள் ஏற்படுவதை ஹாப்பர் கவனித்தார்.

முதலாவது, கூட்டல் பிழை. குறிப்பேட்டில் ஒவ்வொரு துணைநிரலும் 0 என்ற முகவரியில் தொடங்குவதாக எழுதப்பட்டிருக்கும். அதனை ஒரு நிரலின் நடுவில் சேர்க்கும்போது, அதிலுள்ள முகவரிகள் அனைத்துடனும் புதிய தொடக்க முகவரியைக் கூட்டவேண்டும். ஒரே ஒரு கூட்டல் தவறினாலும் நிரல் வேறிடத்துக்குத் தாவிவிடும்.

இரண்டாவது, படியெடுக்கும் பிழை. யூனிவாக்கில் வெற்றிடத்தைக் குறிக்க டெல்டா என்ற முக்கோணக் குறி பயன்பட்டது. கையெழுத்தில் 4 என்ற எண் டெல்டாவாகவும், 'பி' என்ற ஆங்கில எழுத்து 13 ஆகவும் மாறிவிடுவதுண்டு.

பார்த்து எழுதுவதும் கூட்டுவதும் மனிதர் தவறு செய்யும் வேலைகள். அவையே கணினி தவறின்றிச் செய்யும் வேலைகள். எனவே இவற்றைக் கணினியிடமே விடுவது என ஹாப்பர் முடிவு செய்தார். பிரான்சிஸ் எலிசபெத் ஹோல்பர்ட்டன் 1951ல் உருவாக்கிய, வரிசைப்படுத்தும் நிரல்களைத் தானே எழுதித்தரும் நிரல் இம்முயற்சிக்குத் தூண்டுதலாக இருந்தது.

ஏ-0 முறைமையில் துணைநிரல்கள் காந்த நாடாவில் சேமிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறி இருந்தது. எந்தத் துணைநிரல் வேண்டும், அதற்கு உள்ளீடு எங்கிருந்து வரவேண்டும், விடை எங்குச் செல்லவேண்டும் என்பவற்றை மட்டும் நிரலாளர் எழுதினார். தொகுப்பி நாடாவிலிருந்து துணைநிரலை எடுத்து, முகவரிகளைத் திருத்தி, முழு நிரலாக்கி வேறொரு நாடாவில் எழுதியது. துணைநிரல்கள் யாவும் ஒரே வரையறுத்த வடிவில் எழுதப்பட்டிருந்தால்தான் இது இயலும். ஒரு செயற்கூறு எவற்றைப் பெறும், எதைத் தரும் என்று முன்கூட்டியே ஒழுங்காகக் குறித்து வைக்கவேண்டிய தேவை இவ்வாறு தொகுப்பியுடன் சேர்ந்தே எழுந்தது.

யூனிவாக்கின் நினைவகம் 1000 சொற்களை மட்டுமே கொண்டிருந்தது. ஒரு சொல் 12 எழுத்துருக்கள் அளவினது. ஆகவே தொகுப்பி நிரலை ஒரே ஓட்டத்தில் தொகுக்கவேண்டியிருந்தது. இன்னும் தொகுக்கப்படாத ஒரு பகுதிக்கு நிரல் முன்னோக்கித் தாவவேண்டுமெனில் அதன் முகவரி அப்போது தெரியாது. இதற்கென நினைவகத்தில் ஒரு பொது இடத்தை ஹாப்பர் ஒதுக்கினார். தாவும் கட்டளை முதலில் அவ்விடத்துக்குச் செல்லும். உரிய முகவரி தெரிந்தபின் அங்கிருந்து செல்லவேண்டிய வழி நிரப்பப்படும். தாம் கல்லூரியில் ஆடிய கூடைப்பந்தாட்டத்தில் பந்தை முன்னோக்கி வீசும் உத்தியிலிருந்து இவ்வெண்ணம் தோன்றியதாக அவர் கூறியுள்ளார்.

மே 1952ல் பிட்ஸ்பர்க்கில் நடைபெற்ற கணிப்பொறிச் சங்கக் கூட்டத்தில் இதுபற்றிய ஆய்வுக்கட்டுரையை ஹாப்பர் வாசித்தார். கணினி கணக்குப் போடும்; நிரல் எழுதாது என்றே அன்று பலரும் நம்பினர். இயங்கும் தொகுப்பி கைவசம் இருந்தும் அதனைப் பயன்படுத்தப் பலர் தயங்கினர்.

இன்றைய வழக்கில் ஏ-0 ஒரு முழுமையான தொகுப்பி அன்று; துணைநிரல்களை இணைத்து ஏற்றும் நிரலை ஒத்தது என்பாரும் உளர். அதே 1952ல் மான்செஸ்டரில் அலிக் கிளென்னி ஆட்டோகோடு என்னும் தொகுப்பியை உருவாக்கினார். கணித வாய்பாடுகளை நேரடியாக மொழிபெயர்க்கும் லேனிங்-சியர்லர் முறைமை 1954ல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கியது. ஜான் பேக்கஸ் தலைமையில் உருவான ஐபிஎம் நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் 1957ல் வெளியானது. எனவே தொகுப்பியை ஒருவரே தனித்துக் கண்டுபிடித்தார் என்பதைவிட, அவ்வெண்ணத்தைப் பெயரிட்டு, நடைமுறையில் நிறுவி, ஓயாது பரப்பியவர் ஹாப்பர் என்பதே பொருந்தும்.

ஃபுளோ-மேட்டிக்கும் கோபோலும்

ஏ-0ஐத் தொடர்ந்து ஏ-1, ஏ-2 ஆகியவை வந்தன. 1953ல் வெளியான ஏ-2, மூல நிரலுடன் வாடிக்கையாளர்களுக்கு வழங்கப்பட்டது. அவர்கள் தாம் செய்த மேம்பாடுகளைத் திருப்பி அனுப்பவும் வேண்டப்பட்டனர். திறந்த மூல மென்பொருள் வழக்கத்துக்கு இது ஒரு முன்னோடி எனலாம்.

வணிகத் துறையினர் கணிதக் குறியீடுகளைக் காட்டிலும் சொற்களையே விரும்புவர் என்று ஹாப்பர் கருதினார். ஆங்கிலச் சொற்களால் அமைந்த நிரலைக் காட்டியதோடு, அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி மேலாளர்கள் முன் வைத்தார். கணினிக்கு எல்லாமே குறிகள்தாம் என்பதை விளக்குவதே இவரது நோக்கம். அமெரிக்காவில் செய்த கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எவ்வாறு புரியும் என மேலாளர்கள் திகைக்கவே, ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. இம்முயற்சியே பி-0 அல்லது ஃபுளோ-மேட்டிக் என்னும் மொழியாயிற்று.

இம்மொழியில் தரவின் விவரிப்பு, செய்முறைக் கட்டளைகளிலிருந்து பிரித்து முன்கூட்டியே தனியாக எழுதப்பட்டது. 1959ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் கோடசில் குழு பொது வணிக மொழி ஒன்றை வடிவமைத்தபோது ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். ஃபுளோ-மேட்டிக்கின் பல கூறுகள் இப்புதிய கோபோல் மொழியில் இடம்பெற்றன. அடையாளம், சூழல், தரவு, செய்முறை என்னும் நான்கு பகுதிகள் கோபோலுக்கு உண்டு. ஒவ்வொரு புலமும் எண்ணா, எழுத்தா, எத்தனை இடங்கள் கொண்டது என்பதை நிரலாளர் தரவுப் பகுதியில் அறிவிக்கவேண்டும். செய்முறைப் பகுதி அவ்வறிவிப்புக்கு முரணாக இருந்தால் தொகுப்பி அதனைச் சுட்டிக்காட்ட இயலும்.

கோபோலை ஹாப்பரே உருவாக்கினார் எனக் கூறுவது மிகையாகும். ஜீன் சாமெட் உள்ளிட்ட குழு உறுப்பினர்களே மொழியை வரைந்தனர். டிசம்பர் 1960ல் ஒரே கோபோல் நிரல், சிறு மாற்றங்களுடன் ஆர்சிஏ 501, யூனிவாக் 2 ஆகிய இருவேறு கணினிகளில் இயக்கிக் காட்டப்பட்டது.

தொகுப்பிகளைச் சோதித்தல்

ஹாப்பர் 1966ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படைச் சேமப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றார். ஆகஸ்ட் 1967ல் ஆறு மாதப் பணிக்கென மீண்டும் அழைக்கப்பட்டார். அந்த ஆறு மாதங்கள் ஏறத்தாழ 19 ஆண்டுகளாக நீண்டன.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கேற்றவாறு கோபோல் தொகுப்பியை எழுதியதால், ஒரு கணினியில் சரியாக ஓடிய நிரல் மற்றொன்றில் வேறு விடை தந்தது; அல்லது ஓடவே இல்லை. பல நிறுவனங்களின் கணினிகளை வைத்திருந்த கடற்படைக்கு இது பெருஞ்சுமையாயிற்று. 1968ல் கோபோலுக்கு அமெரிக்கத் தேசியத் தரநிலை வெளியானது. ஆயினும் ஒரு தொகுப்பி தரநிலையைப் பின்பற்றுகின்றது என்பதற்கு விற்பனையாளரின் சொல்லைத் தவிரச் சான்று எதுவும் இல்லை.

ஹாப்பரின் குழு இதற்கெனச் சோதனை நிரல்களை எழுதியது. தரநிலையின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு சிறு நிரல் எழுதப்பட்டது. அதனைத் தொகுத்து இயக்கினால் எதிர்பார்த்த விடை வந்ததா இல்லையா என்று அச்சாகும். நிரலின் பிழையைத் தொகுப்பி காட்டுவது போல, தொகுப்பியின் பிழையை இந்நிரல்கள் காட்டின. அமெரிக்க அரசு வாங்கும் கோபோல் தொகுப்பிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் வழக்கம் 1970களில் இதிலிருந்து வளர்ந்தது.

அறிவிப்புகளும் எச்சரிக்கைகளும்

அறிவிப்பையும் செயலையும் ஒப்பிடும் பணி ஹாப்பரின் காலத்துக்குப் பின்னும் ஒரே சீராக வளரவில்லை. தொடக்ககால சி மொழியில் ஒரு செயற்கூறு பெறும் உள்ளீடுகளின் வகையை அறிவிப்பில் எழுத வழியில்லை; தவறான வகையைக் கொடுத்தாலும் தொகுப்பி பேசாமல் விட்டது. பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ஜான்சன் 1978ல் எழுதிய லின்ட் என்னும் தனி நிரலே இக்குறையை நிரப்பியது. 1989ஆம் ஆண்டின் சி தரநிலையில்தான் உள்ளீட்டு வகைகளோடு கூடிய அறிவிப்பு முறை இடம்பெற்றது.

இன்றைய மொழிகளில் செயற்கூற்றின் இயல்பையும் குறித்து வைக்கலாம். எடுத்துக்காட்டாக, நிரலையே முடித்துவிடும் ஒரு செயற்கூற்றைச் சி மொழியில் திரும்பாதது எனக் குறிக்கலாம். அதனை நம்பி, அவ்வழைப்புக்குப் பின்னுள்ள கட்டளைகளைத் தொகுப்பி நீக்கிவிடும். அச்செயற்கூறு உண்மையில் திரும்பிவிடுமானால், அடுத்து நினைவகத்தில் எது உள்ளதோ அதனைக் கணினி இயக்கத் தொடங்கும். எனவே இவ்வாறு குறிக்கப்பட்ட செயற்கூறு திரும்ப வழியிருப்பதைக் கண்டால் குனூ தொகுப்பி எச்சரிக்கின்றது. ஆனால் செயற்கூற்றின் உடல் வேறொரு கோப்பில் இருந்து, அக்குறிப்பு அங்குத் தெரியாமல் போனால் இவ்வெச்சரிக்கை வராது.

இம்முறையின் எல்லையைப் புத்தாயிரமாண்டுச் சிக்கல் உலகுக்கு உணர்த்தியது. பல கோபோல் நிரல்களில் ஆண்டு இரண்டு இலக்கப் புலமாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவிப்பும் கட்டளையும் ஒத்திருந்தமையால் தொகுப்பி எதையும் சொல்லவில்லை. அறிவிப்பே காலத்துக்குப் பொருந்தாமல் போயிற்று. தொகுப்பி ஒப்பிடுவது நிரலாளர் எழுதிய இரண்டையே. எழுதியதற்கும் உலகுக்கும் உள்ள பொருத்தத்தை மனிதரே சரிபார்க்கவேண்டியுள்ளது.

இறுதிக்காலம்

ஹாப்பர் 1973ல் கேப்டனாகவும், 1983ல் கொமடோராகவும் உயர்த்தப்பட்டார். அப்பதவியின் பெயர் 1985ல் ரியர் அட்மிரல் (கீழ்நிலை) என மாற்றப்பட்டது. உரைகளில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை அவையோருக்கு வழங்குவது இவரது வழக்கம். ஒரு நானோநொடியில் மின்குறிப்பு அதிகபட்சமாகச் செல்லக்கூடிய தொலைவு அதுவே என்று விளக்குவார். பழக்கத்தை மட்டுமே காரணமாகக் காட்டி மாற்றத்தை மறுப்பதை இவர் கடுமையாக எதிர்த்தார். அதன் அடையாளமாக இவரது அலுவலகத்தில் எதிர்த்திசையில் ஓடும் கடிகாரம் ஒன்று இருந்தது.

ஆகஸ்ட் 14, 1986 அன்று, பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெரும் போர்க்கப்பலில் நடைபெற்ற விழாவில் தமது 79ஆம் வயதில் ஓய்வு பெற்றார். பின்னர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் மூத்த ஆலோசகராகப் பணியாற்றினார். ஜனவரி 1, 1992 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் தமது 85ஆம் வயதில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் படைத்துறை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

விருதுகளும் சிறப்புகளும்

- 1969: தரவுச் செயலாக்க மேலாண்மைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த மனிதர்' விருது. விருதின் ஆங்கிலப் பெயர் ஆணையே குறித்தது என்பது குறிப்பிடத்தக்கது.
- 1971: கணிப்பொறிச் சங்கம் இவர் பெயரில் இளம் கணினியாளர்களுக்கான விருதை நிறுவியது. முதல் விருதை டொனால்ட் குனுத் பெற்றார்.
- 1973: பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் சிறப்பு உறுப்பினர்.
- 1991: அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம்.
- 1997: 'ஹாப்பர்' என்று பெயரிடப்பட்ட ஏவுகணை அழிப்புக் கப்பல் அமெரிக்கக் கடற்படையில் சேர்க்கப்பட்டது.
- 2016: இறப்புக்குப்பின், அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம்.
- 2017: யேல் பல்கலைக்கழகம் தனது உறுப்புக் கல்லூரி ஒன்றுக்கு இவர் பெயரைச் சூட்டியது.

இவற்றையும் பார்க்கவும்

- தொகுப்பி
- கோபோல்
- யூனிவாக்
- புத்தாயிரமாண்டுச் சிக்கல்